மதிப்பெண்ணும் ஒரு சாட்சியமே!

அஸர் தொழுகை முடிந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தபோது, நம் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். கல்லூரியொன்றில் கணிதம் போதிப்பவர். ஸஹ்வு ஸஜ்தா பற்றியோ ஜகாத் பற்றியோ கேட்கப் போகிறார் என்று எண்ணினோம். அவர் கேட்டதோ வேறொன்று.

"ஹழ்ரத்! என் வகுப்பில் உள்தேர்வு நடத்தினேன். பலர் தவறிவிட்டார்கள். இன்னொரு தடவை எழுத விடுங்கள் என்று கேட்கிறார்கள். அவர்களில் ஒரு பெண், தாயார் மருத்துவமனையில் இருந்ததால் தேர்வுக்கே வர முடியாதவள். ஒரு பையன், வந்து எழுதியும் பாடம் விளங்காமல் தோற்றவன். இன்னொருவன், எப்படியும் மறுதேர்வு வைப்பார்கள் என்ற தைரியத்தில் புத்தகத்தையே திறக்காதவன். முதல் தடவையே நன்றாக எழுதிய பிள்ளைகளோ, 'நாங்கள் கண்விழித்துப் படித்தோமே, இவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே மார்க்கா?' என்கிறார்கள். மறுதேர்வு வைப்பதும் விடுவதும் என் பொறுப்பில் இருக்கிறது. இரக்கம் காட்டினால் நீதி போகிறது. நீதியைப் பார்த்தால் இரக்கம் போகிறது. மார்க்கம் இதில் ஏதேனும் வழி காட்டுகிறதா? அல்லது இது வெறும் கல்லூரி விவகாரம்தானா?"

வெறும் கல்லூரி விவகாரம் என்று ஒன்று முஃமினுடைய வாழ்வில் கிடையாது. தராசைப் பிடிக்கும் கையும், பேனாவைப் பிடிக்கும் கையும் நாளை மறுமையில் விசாரிக்கப்படும் கைகளே. ஆகவே அவருடைய கேள்வியை நம் வாசகர்களுடைய வீடுகளுக்கும் கொண்டுவர விரும்புகிறோம். இன்று அரியர் என்ற சொல்லை அறியாத வீடு நம்மில் எத்தனை இருக்கும்?

நம் மாநிலத்துக் கல்லூரிகளின் நடைமுறையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்குரிய 100 மதிப்பெண்ணில் 25 கல்லூரி ஆசிரியரே இடுவது. 75 பருவத் தேர்வில் பெறுவது. இளங்கலையில் பெரும்பாலும் 40 பெற்றால் தேர்ச்சி. தவறினால் அடுத்த பருவங்களில் மீண்டும் எழுதலாம். பருவத் தேர்வுக்குச் சட்டம் எழுதிவைத்திருக்கிறார்கள். உள்தேர்விலோ ஆசிரியரின் மனசாட்சிக்குப் பெரும் பங்கு உண்டு. நம் சகோதரர் தவித்ததும் அந்த இடத்தில்தான்.

மதிப்பெண் என்பது என்ன? இதை முதலில் தெளிவு செய்துகொண்டால் மற்றவை தாமே தெளிவாகிவிடும். பலர் அதைக் கூலி என்று எண்ணுகிறார்கள்: உழைத்தேன், கொடு என்கிறார்கள். சிலர் தர்மம் என்று எண்ணுகிறார்கள்: ஏழைப் பிள்ளை, ஒரு ஐந்து மார்க் போட்டுவிடுங்கள் என்கிறார்கள். வேறு சிலர் தண்டனை என்று எண்ணுகிறார்கள்: ஆட்டம் போட்டான், அனுபவிக்கட்டும் என்கிறார்கள். இம்மூன்றும் அதன் உண்மையான தன்மையல்ல. அரபு மொழியில் பட்டச் சான்றிதழுக்கு 'ஷஹாதத்' என்று பெயர். நீதிமன்றத்தில் சொல்லும் சாட்சியத்துக்கும் அதே பெயர்தான். இந்த மாணவர் இந்தப் பாடத்தை இந்த அளவு அறிந்திருக்கிறார் என்று ஆசிரியர் உலகத்தார் முன் சொல்லும் சாட்சியமே மதிப்பெண்.

பொய்ச் சாட்சியத்தின் கடுமையை நாம் அறிவோம். பெரும் பாவங்களை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நாயகம் (ஸல்) அவர்கள், பொய்ச் சாட்சியம் என்ற இடம் வந்ததும், சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, அதைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்று புகாரி ஷரீபில் வருகிறது. அறியாதவனை அறிந்தவன் என்று எழுதுவதும் பொய். அறிந்துவிட்டவனை அறியாதவன் என்று எழுதிவைப்பதும் பொய்தான். முதலாவது இரக்கத்தின் பெயரால் நடக்கிறது; இரண்டாவது கண்டிப்பின் பெயரால் நடக்கிறது. பெயர்தான் வேறு.

இனி மறுதேர்வுக்கு வருவோம். இதற்கு நம் மார்க்கத்தில் ஓர் அழகிய முன்மாதிரி இருக்கிறது. ஒரு மனிதர் பள்ளிவாசலுக்குள் வந்து அவசர அவசரமாகத் தொழுதுவிட்டு, ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களுக்கு ஸலாம் உரைத்தார். பதில் ஸலாம் கூறிய அண்ணலார், அவருடைய தொழுகை தொழுகையாகவில்லை என்றும், திரும்பிச் சென்று தொழும்படியும் பணித்தார்கள். அவர் மீண்டும் தொழுதார். மீண்டும் அதே பதில். இப்படி மூன்று தடவை. கடைசியில் அவர், இதைவிட நன்றாகத் தமக்குத் தெரியாது என்றும், கற்றுத்தர வேண்டுமென்றும் வேண்டினார். அதன்பின் தக்பீர் முதல் ருகூஃ, ஸுஜூது வரை ஒவ்வொன்றையும் நிதானமாகச் செய்யும் முறையை அண்ணலார் கற்றுக்கொடுத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது.

இந்நிகழ்ச்சியைக் கல்லூரி ஆசிரியர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும். பாவம், முயன்றாரே என்று அண்ணலார் அந்தத் தொழுகையை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. உன் வாய்ப்பு முடிந்தது, போ என்று விரட்டவும் இல்லை. வாசலைத் திறந்தே வைத்தார்கள். அளவுகோலை ஓர் அங்குலமும் இறக்கவில்லை. முடிவில் கற்றும் கொடுத்தார்கள். இரக்கமும் நீதியும் ஒன்றையொன்று விரட்டுவதாக நம் சகோதரர் கவலைப்பட்டார் அல்லவா? இங்கே அவையிரண்டும் ஒரே சபையில் கைகோத்து நிற்கின்றன. வாய்ப்பைக் கொடுப்பது இரக்கம். அளவைக் குறைக்காதது நீதி. வாய்ப்பைக் குறைத்து அளவையும் தளர்த்துகிற நம் வழக்கம்தான் தலைகீழானது.

நம் ஹிஃப்ளு மத்ரஸாக்களில் இன்றும் இதே முறைதான். நேற்றைய சபக்கைப் பிழையின்றி ஒப்பிக்காத பிள்ளைக்கு இன்று புதிய சபக் கிடையாது. பத்து தடவை தடுமாறியவன் பதினோராவது தடவை சரியாக ஓதினால், அவன் ஓதியது சரிதான். முந்திய பத்தைக் கூட்டிக் கழித்து அவனை அரை ஹாஃபிளு என்று எவரும் சொல்வதில்லை. 1968-ஆம் ஆண்டு பெஞ்சமின் புளூம் என்ற அமெரிக்கக் கல்வி அறிஞர், ஒரு பகுதியில் தேர்ச்சி பெறாத மாணவருக்குக் குறையைத் திருத்திக் கற்பித்து, மறுபடியும் சோதித்து, அதன்பின் மேலே கொண்டுசெல்ல வேண்டும் என்று எழுதினார். நம் உஸ்தாதுமார்கள் பாயில் அமர்ந்து பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் காரியத்துக்கு அது மிகவும் நெருங்கியதல்லவா?

ஆனால் அந்த மூன்று மாணவர்களும் ஒரே நிலையினரா? இல்லை. இங்கே ஃபிக்ஹு நமக்கு உதவுகிறது. உரிய நேரத்தில் நிறைவேற்றுவது அதா. நேரம் தவறிய பின் நிறைவேற்றுவது களா. செய்ததில் குறை ஏற்பட்டதால் திரும்பச் செய்வது இஆதா. தாயாருக்குப் பணிவிடை செய்யச் சென்ற பெண்ணுடையது, உறக்கத்தாலோ மறதியாலோ தொழுகை தவறியவருடைய களாவைப் போன்றது. நினைவு வந்ததும் அவர் தொழுதுகொள்ள வேண்டும், அவர்மீது குற்றமில்லை. அப்பெண்ணுக்குத் தேர்வு வைப்பது சலுகையே அல்ல, அவளுடைய உரிமை. எழுதியும் விளங்காமல் தோற்றவனுடையது இஆதா. அவனுக்குத் தேவை மற்றொரு வினாத்தாள் மட்டுமன்று. முதலில் மற்றொரு பாடம்.

வேண்டுமென்றே படிக்காதவன் விஷயம் என்ன? வேண்டுமென்றே தொழுகையை விட்டவருக்கும் களா கடமை என்பதே நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பு. நம் ஷாஃபிஈ மத்ஹபில், காரணமின்றி விட்டவர் தாமதமின்றி உடனே களாச் செய்தாக வேண்டும். ஆக, வாசல் அவருக்கும் அடைக்கப்படவில்லை, சுமைதான் கூடுதல். யூஸுஃப் (அலை) அவர்களுடைய சகோதரர்கள், முதலில் அவரை ஒழித்துவிடுவோம், பிறகு நல்லவர்களாகிவிடலாம் என்று திட்டமிட்டதைத் திருக்குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. தவ்பாவையே முன்கூட்டிக் கணக்கில் வைத்துக்கொண்டு பாவத்தில் இறங்கும் மனத்தை அது காட்டுகிறது. மறுதேர்வை நம்பிப் புத்தகத்தைத் திறக்காதவனுடைய மனமும் அதே ஜாதிதான். அவன் முதலில் விட்டுப்போன பயிற்சிகள் அனைத்தையும் எழுதிக் காட்டட்டும். அதன்பின் தேர்வுக்கு உட்காரட்டும். வருந்துபவனுக்குத்தான் வாசல், விளையாடுபவனுக்கு அல்ல.

அடுத்து, எந்த மதிப்பெண்ணை எழுதுவது? சில இடங்களில் இரண்டையும் கூட்டிச் சராசரி எடுக்கிறார்கள். முதலில் 20 பெற்றவன் பின்னர் 80 பெற்றான் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50. அந்த ஐம்பது எந்த நாளைக்குச் சாட்சி? தேர்வு எழுதிய இரு நாட்களில் ஒன்றிலும் அவன் ஐம்பது அறிந்தவனாக இருந்ததில்லையே! அது கற்றுக்கொண்டதற்கு விதிக்கும் அபராதமேயன்றி உண்மையான சாட்சியமாகாது. லுஹரைக் களாவாகத் தொழுபவர் நான்கு ரக்அத்தே தொழுகிறார். தவறவிட்டதற்காக அது மூன்றாகக் குறைக்கப்படுவதில்லை. ஆகவே இரண்டாம் தேர்வு முதலாவதைப் போலவே கடினமானதாகவும், வேறு வினாக்களைக் கொண்டதாகவும் இருந்தால், அதில் பெற்றதையே எழுதுவதுதான் நேர்மை என்பது நம் கருத்து. பழைய வினாத்தாளையே திரும்பக் கொடுத்தால் அது அறிவைச் சோதிக்காது, ஞாபகத்தைத்தான் சோதிக்கும்.

"அப்படியானால் முதல் தடவையே தேறியவர்களுக்கு அநீதியில்லையா?" என்று சகோதரர் மடக்கினார். நியாயமான கேள்விதான். அவர்களுடைய எண்பதில் ஒன்றேனும் குறைந்ததா? இல்லை. பிறர் பெற்றதால் நம்முடையது குறையாதபோது வருந்துவதற்குப் பெயர் என்னவென்று நாம் அறிவோம். நன்மைகளை விறகைப் போல் தின்றுவிடும் நெருப்பு அது. எனினும் நேரத்தில் செய்தவருக்கு ஒரு சிறப்பு உண்டு என்பதை மறுக்கவில்லை. களாத் தொழுபவர் கடமையை நிறைவேற்றுகிறார். ஆரம்ப நேரத்தில் ஜமாஅத்தோடு தொழுத சிறப்போ அவருக்கு மீளாது. பல பல்கலைக்கழகங்கள் தரவரிசையையும் பதக்கத்தையும் முதல் முயற்சியில் தேறியவருக்கே ஒதுக்கியிருப்பது இதற்கொப்ப நீதமே. மதிப்பெண் பட்டியலில் தேறிய மாதமும் ஆண்டும் அச்சாகிறது. அது அவமானமல்ல, உண்மை. ஆசிரியர் மறைக்கவும் வேண்டாம், குத்திக்காட்டவும் வேண்டாம். தவிர, மறுதேர்வு ஒருவருக்குத் திறந்தால் எல்லாருக்கும் திறக்க வேண்டும். 45 பெற்றவர் 70 பெற விரும்பினால் அவரையும் அனுமதிக்க வேண்டும். அழத் தெரிந்தவருக்கு மட்டும் திறக்கும் கதவு நீதியின் கதவல்ல.

அளவை இறக்கும் இரக்கத்தின் விளைவையும் நாம் கண்டிருக்கிறோம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில், கொரோனா நோய்க் காலத்தில், இறுதிப் பருவம் நீங்கலாக, கட்டணம் செலுத்தியிருந்த மாணவர்களுக்கு அரியர் தேர்வு ரத்து, தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தது. பல வீடுகளில் மகிழ்ச்சி பொங்கியது. விவகாரம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது. எழுதாமலே தேர்ச்சி கொடுப்பதை 2021-ல் நீதிமன்றம் ஏற்கவில்லை. நோய்க் காலத்தில் தேர்வைத் தள்ளிவைப்பது இரக்கம். எழுதாததை எழுதியதாகச் சாட்சி சொல்வது யாருக்கு இரக்கம்? மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே பொறுப்பாளி என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. அவரை மருத்துவர் என்று எழுதிக்கொடுத்த கை மட்டும் தப்பிவிடுமா? இரக்கப்பட்டுப் போடும் ஐந்து மதிப்பெண்ணின் விலையை, நாம் முகமறியாத நோயாளியும் பாலத்தில் நடப்பவரும் கொடுக்கிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு உழைத்தும் மதிப்பெண் ஏறாத பிள்ளையின் பாடு வீண்தானா? ஒருபோதும் இல்லை. திருக்குர்ஆனைத் திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாக ஹதீஸ் வந்துள்ளது. ஆயினும் இமாமாக நிற்பதற்கு நன்கு ஓதுபவரையே முற்படுத்துகிறோம். கூலி அல்லாஹ்விடம், சாட்சியம் மனிதரிடம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும் பெற்றோர்தான், 35 பெற்ற பிள்ளையின் ஆறு மாத உழைப்பை ஒரே சொல்லில் அழித்துவிடுகிறார்கள். தாய்மார்களே! பிள்ளை தவறிவிட்டு வீட்டுக்குள் நுழையும் அந்தி வேளையில், மதிப்பெண்ணைக் கேட்குமுன் சோற்றைப் போடுங்கள். அல்லாஹ்வே மூடாத வாசலை நாம் மூடலாகாது.

எல்லாவற்றையும் கேட்ட சகோதரர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "ஹழ்ரத், புது வினாத்தாள், தனி வகுப்பு, மறுபடியும் திருத்துவது, என் வேலையல்லவா இரட்டிப்பாகிறது?" என்றார். ஆம் என்றோம். இரக்கத்துக்கும் நீதிக்கும் சண்டை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, நம் சோம்பலை மறைக்கப் போட்ட திரை. உழைக்க மனமில்லாதவர் ஒன்று சும்மா தேர்ச்சி போட்டுவிடுகிறார், அல்லது சும்மா தோல்வி போட்டுவிடுகிறார். இரண்டும் அவருக்கு எளிது.

இதைச் சொன்னபோது நமக்கும் நெஞ்சு உறுத்தியது. மக்தபில் பாடம் நடத்திய காலத்தில், ஊர்ப் பெரியவர் ஒருவரின் பிள்ளை சரியாக ஓதாதிருந்தும், ஏட்டில் நன்று என்று எழுதிக்கொடுத்திருக்கிறோம். அந்தப் பிள்ளையை மீண்டும் அமர்த்தி ஓதவைக்க நமக்கு அன்று ஒரு மணி நேரம்தான் தேவைப்பட்டிருக்கும். உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா (ரலி) அவர்களுக்கு எழுதியதாகப் புகழ்பெற்ற மடலில், நேற்றுத் தந்த தீர்ப்பு இன்று உண்மையின் பக்கம் திரும்புவதைத் தடுத்துவிட வேண்டாம் என்ற கருத்து உள்ளது. மறுதேர்வு மாணவருக்கு மட்டுமா? ஆசிரியருக்கும் உண்டு.

மூச்சு உள்ளவரை தவ்பாவின் வாசலைத் திறந்துவைத்து, தராசின் முள்ளை மட்டும் சற்றும் சாய்க்காத அந்த ரப்புல் ஆலமீன், நம் ஆசிரியர்களின் பேனாக்களை உண்மையின் மீது நிலைக்கச் செய்வானாக! நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.