பிரயத்தனமும் பிரசாதமும்

மனிதன் தன் பிரயத்தனத்தால் கரையேறுகிறானா, அல்லது தனக்குப் புறம்பான ஒரு கிருபையால் ஏற்றப்படுகிறானா என்ற வினாவுக்கு, நம் வைணவப் பெரியோர்கள் இரண்டு குட்டிகளைக் காட்டி விடை தேடினார்கள். தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொண்டு கிளைக்குக் கிளை செல்லும் குரங்குக்குட்டி ஒன்று. தாய் கவ்விய இடத்தில் செயலற்றுத் தொங்கும் பூனைக்குட்டி மற்றொன்று. வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார்க்கு முன்னது உவமை என்றும், பிள்ளை லோகாசாரியரைப் பின்பற்றும் தென்கலையார்க்குப் பின்னது உவமை என்றும் வழங்குவதுண்டு. மண்டபங்களில் வைத்துப் பேசவேண்டிய இந்த விவாதம், பிரான்ஸ் தேசத்தில் ராம்பூயே என்ற ஊரிலிருந்து மேற்குக் கடலோரத்துப் பிரெஸ்ட் நகர்வரை சென்று திரும்பும் ஒரு சாலையையும், அதில் இரவும் பகலுமாகச் சைக்கிள் மிதித்துச் செல்வோரையும் எண்ணும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற அந்த நெடுஞ்சவாரியை 1891-இல் பந்தயமாகத் தொடங்கிவைத்தவர் பத்திரிகையாளர் பியேர் ஜிஃபார். 71 மணி 22 நிமிஷத்தில் ஷார்ல் தெரோன் என்பவர் அதில் முதலாவதாக வந்தார். பந்தயம் 1951-ஓடு நின்றுபோயிற்று. இப்போது நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஆகஸ்டு மாதத்தில் நடைபெறுவது போட்டியன்று. ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை 90 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதே விதி. அதற்குத் தகுதி பெற அதே வருஷத்தில் 200, 300, 400, 600 கிலோமீட்டர்ச் சவாரிகளை முடித்திருக்க வேண்டும். ஐம்பது மணியில் வந்தவருக்கும் எண்பத்தொன்பது மணியில் வந்தவருக்கும் ஒரே பதக்கம்.

வழியில் பெருமலை ஏதும் இல்லை. பிரெஸ்ட் இருக்கும் பிரிட்டனிப் பகுதியின் மிக உயர்ந்த குன்றுகளில் ஒன்றான ரோக் திரெவெசெல்கூட 400 மீட்டரை எட்டாது. ஆனால், ஏறி இறங்கி, இறங்கியதை உடனே மீண்டும் ஏறச்செய்யும் அச்சாலையின் ஏற்றங்களை மட்டும் கூட்டிப் பார்த்தால் அவை எவரெஸ்டின் உயரத்தையும் விஞ்சி 11,000 மீட்டருக்கு மேல் போகின்றன. பெருஞ்சிகரத்தை எதிர்கொள்பவனுக்குத் தான் ஒரு மகத்தான காரியம் செய்கிறோம் என்ற எண்ணமாவது துணைநிற்கும். பெயரற்ற சிறு மேடுகளோ அந்த ஆறுதலையும் தருவதில்லை. மூன்றாம் இரவில் அவற்றில் ஒன்றை ஏறிக்கொண்டிருப்பவன், கழுத்தில் தொங்கும் உறைக்குள், வழி நிலையங்களில் முத்திரை பெறும் அட்டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறான். பிறகு, நாற்சந்திதோறும் கருங்கற் சிலுவைகள் நிற்கும் அந்த யாத்திரை பூமியில், ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்திலோ தேவாலயத்து வாசலிலோ சாய்ந்து அரைமணி உறங்குகிறான். யார் கட்டளையிட்டு இந்த விரதம் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

அங்குள்ள நியதி கண்டிப்பானது. ஒருவன் தன் சொந்த ஏற்பாட்டில் வண்டியொன்றை அமர்த்திக்கொண்டு, கன்ட்ரோல் என்று சொல்லப்படும் முத்திரை நிலையங்களைத் தவிர வேறிடத்தில் அதன் உதவியைப் பெற்றால் அது குற்றம். டயர் பஞ்சரானால் தானே ஒட்டவேண்டும். பசித்தால் தானே தேடிக்கொள்ளவேண்டும். இதுவரை எல்லாம் குரங்குக்குட்டியின் தர்மம்.

ஆனால், அதே சாலையின் ஓரத்தில் கிராமத்தார்கள் நள்ளிரவிலும் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மேஜைமேல் ஒரு விளக்கு, காப்பி நிறைந்த பிளாஸ்க், கிரேப் என்னும் மெல்லிய கோதுமை அடைகள்; பக்கத்தில் தண்ணீர்ப் புட்டியை நீட்டியபடி ஒரு சிறுபிள்ளை. காசு வாங்குவதில்லை. ஓரூரில் மாத்திரம், உங்கள் நாடு திரும்பியதும் ஓர் அஞ்சலட்டை போடுங்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். இந்த மேஜையை எந்த விதியும் தடுப்பதில்லை. ஆகவே, விதி விலக்குவது உதவியை அன்று. எனக்கென்று மட்டும் ஒதுக்கிவைத்த உதவியையே அது விலக்குகிறது. வருவோர் யாவர்க்கும் பொதுவாய்ச் சாலையில் வைக்கப்பட்டதை அது தீண்டுவதில்லை. பரீட்சையில் தேறினால் இத்தனை தேங்காய் உடைக்கிறேன் என்று கணக்குப் பேசி, தெய்வத்தைத் தன் பின்னாலேயே வரும் சொந்த வண்டியாக்கிக்கொள்ள முயலும் நம் பக்தர்கள், இந்த நுட்பமான வேற்றுமையைச் சற்றுச் சிந்திப்பது நலம்.

இவ்விடத்தில் வடகலைப் பக்ஷத்தார் குறுக்கிடக்கூடும். வீட்டில் படுத்துக்கிடந்தவனுக்கு அந்தக் காப்பி கிட்டியதா, மிதித்து அவ்விடம் வரை வந்த செயல்தானே அருளுக்கு வியாஜமாயிற்று, அதாவது ஒரு சாக்காயிற்று என்பார்கள். அது மறுக்கக்கூடியதன்று, செயல் அருளுக்கு விலையாகாது, வெறும் வியாஜமே என்று தேசிகரும் தெளிவாகவே சொன்னார். ஆயினும், முழங்கால் வீங்கிச் சவாரியைக் கைவிட்டு எதிர்த்திசையில் ரயில் நிலையத்துக்குத் திரும்புகிறவனுக்கும் அதே மேஜையில் அதே காப்பி ஊற்றப்படுகிறது. அவன் அட்டையில் எத்தனை முத்திரை என்று ஒருவரும் பார்ப்பதில்லை. நிர்ஹேதுகமாக, அதாவது யாதொரு காரணமுமின்றிக் கிருபை வந்து சேர்கிறது என்ற தென்கலைக் கொள்கைக்கு இதைக் காட்டிலும் நல்ல திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது. என் மனம் அப்பக்கமே சாய்கிறது.

பிரயத்தனத்துக்கு இருக்கும் பெரிய அபாயம் களைப்பன்று, அகங்காரமே. வெலோசியோ என்ற புனைபெயரால் பிரெஞ்சுச் சைக்கிள் யாத்திரிகர்கள் குருவாகப் போற்றும் போல் தெ விவீ, சேன்ட் எத்தியேன் நகரில் இருந்துகொண்டு நெடுஞ்சவாரிக்கு வகுத்த நெறிகளில், பசிக்குமுன் உண், தாகத்துக்குமுன் குடி என்ற சரீர தர்மங்களோடு, வீண் பெருமைக்காக மிதிக்காதே என்பதையும் சேர்த்துவைத்தார். மாமிசத்தையும் புகையையும் விலக்கி வாழ்ந்து 1930-இல் மறைந்த அவரை ஒரு சந்நியாசி என்று சொல்லத் துணியமாட்டேன். அவர் கடை வைத்துச் சைக்கிள் விற்றவர், பத்திரிகை நடத்தியவர். ஆனால், பசியின் யோசனையையும் அகங்காரத்தின் யோசனையையும் ஒரே பட்டியலில் வைத்தவருக்கு, இரண்டும் ஒரே ஏற்றத்தில்தான் மனிதனைக் கீழே தள்ளுகின்றன என்பது அநுபவத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தீராமல் நிற்பது கடிகாரம் ஒன்றே. மேஜைகளின் கருணை 90 மணியை 91 ஆக்குவதில்லை. தொண்ணூறு கடந்து பத்து நிமிஷம் பிந்தி ராம்பூயே சேர்கிறவன் முழுத் தூரத்தையும் மிதித்திருந்தும், கணக்கில் அவன் முடித்தவனாக மாட்டான். ஈசுவரனின் தண்டனையை மாற்ற லக்ஷ்மிப் பிராட்டியின் புருஷகாரம், அதாவது சிபாரிசு, உண்டு என்று இரு கலையாரும் ஒப்புகிறார்கள். அவள் சிபாரிசு செல்லாத அந்தக் கடிகாரத்துக்குத் தென்கலையார் என்ன சமாதானம் சொல்வார்களோ அறியேன். வடகலையார் மட்டும் நிச்சயமாக, நான்கு வருஷம் கழித்து மறுபடியும் 200 கிலோமீட்டரிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.