பிடித்திருக்கிறதா?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுசேரும் இடம் திருமுக்கூடல். மூன்று ஆறுகள் கூடுவதாகப் பெயர் சொல்லுகிறதே தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் அங்கே கூடிக்கிடப்பது மணல்தான். ஆனால் மாட்டுப் பொங்கல் நாளில் அந்த மணல்மேல் மக்கள் வெள்ளம் புரளும். காஞ்சி வரதராசப் பெருமாள் பார்வேட்டை என்ற பெயரால் பழைய சீவரம் மலைக்கு வந்து, ஆற்றைக் கடந்து இங்கே எழுந்தருளுவார். அக்கம்பக்கத்துப் பெருமாள்களும் வந்து சேருவார்கள். சாமிகள் கூடுவது அர்ச்சகர் கவலை. நாம் சொல்ல வந்தது வாலிபர்கள் கூடுவதைப் பற்றி.

கரும்பைக் கடித்தபடி நான்கு வாலிபர்கள் மணலில் அமர்ந்திருக்கிறார்கள். எதிரே கூட்டம் நகருகிறது. பேச்சு என்னவாக இருக்கும்? தத்துவ விசாரணையா! "அந்த அரக்குப் புடவை எப்படி?" என்கிறான் ஒருவன். "பக்கத்தில் வருபவள்தான்" என்கிறான் மற்றவன். மூன்றாமவன் பெருமூச்சு விடுகிறான். நான்காமவன் கரும்பிலேயே கண்ணாக இருக்கிறான். விடுவார்களா? "நீ சொல்லடா, உனக்கு எவளைப் பிடித்திருக்கிறது?"

அந்த நான்காமவரை நாம் அறிவோம். காஞ்சி வட்டாரத்து நெசவுக் குடும்பம். பெயர் இங்கே வேண்டாம். இன்று நாற்பதை நெருங்கும் அந்தத் தோழர், தம் வாலிப நாளில் இந்தக் கேள்விக்குக் கையாண்ட தந்திரத்தை ஒருநாள் நம்மிடம் சொன்னார். ஊர் எந்த நடிகையின் பெயரைச் சொல்லிச் சொக்குகிறதோ, அந்தப் பெயரைப் பாடம் செய்து வைத்துக்கொள்வாராம். கேட்டவுடன் ஒப்பித்துவிடுவாராம். இதிலும் ஓர் இடர். நடிகைகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பாடத்தைப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை மறந்துபோய் ஐந்தாண்டுப் பழைய பெயரைச் சொல்லி அகப்பட்டுக்கொண்டார். சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே வீடு திரும்பிய அன்றிரவுதான், தமக்குள் மற்றவருக்கு இருக்கும் ஏதோ ஒன்று இல்லை என்ற எண்ணம் முதன்முதலாகத் தம்மைத் தூங்கவிடவில்லை என்றார்.

என்ன இல்லை? அழகை அறியும் கண் இல்லையா? அவரிடமே கேட்டோம். பதிலுக்கு அவர் தறியைக் காட்டினார். காஞ்சிப் பட்டிலே கோர்வை என்று ஒரு வேலை உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், பக்கத்தில் ஒருவர் துணைநிற்க வேண்டும், இரண்டு நிறமும் சேருமிடத்தில் பிசிறு தெரியாமல் இழைகள் பின்னிக்கொள்ள வேண்டும். "மயில்கழுத்து நிற உடலோடு அரக்குக் கரை சேர்ந்து வரும்போது என் கண் அங்கேயே நின்றுவிடும். அழகு என்று நானே சொல்வேன். ஆனால் அதை எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லையே! முகங்களும் எனக்கு அப்படித்தான்" என்றார். பெண்ணைப் புடவையோடு ஒப்பிட்டுவிட்டார் என்று எவரும் சீற வேண்டாம். அவர் ஒப்பிட்டது தம் கண்ணை. ஆண் முகமாயினும் பெண் முகமாயினும் அவருக்கு ஒன்றே: காண்கிறார், வியக்கிறார், வேட்கை எழுவதில்லை.

வாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது, தோழர்களே: "பிடித்திருக்கிறதா?" பெண் பார்க்கும் படலத்தை நினைத்துப் பாருங்கள். பஜ்ஜியும் சொஜ்ஜியும் வருகின்றன, பெண் வருகிறாள், வணங்குகிறாள், உள்ளே போகிறாள். உடனே பிள்ளையின் காதருகே "பிடித்திருக்கிறதா?" என்கிறார்கள். கேட்கப்படுவது எது? பெண் அழகாக இருக்கிறாளா என்பதா? அவள் பேச்சும் பண்பும் இனிக்கின்றனவா என்பதா? அவள்மீது ஆசை எழுந்ததா என்பதா? வாழ்நாள் முழுதும் ஒரே கூரையின்கீழ் வாழச் சம்மதமா என்பதா? நான்கு வழக்குகளை ஒரே மனுவில் எழுதி, ஒரே சொல்லில் தீர்ப்புக் கேட்கிறார்கள்! முதல் இரண்டுக்கு 'ஆம்' என்றும், மூன்றாவதற்கு 'இல்லை' என்றும் சொல்ல வேண்டியவர் என்ன செய்வார்? 'ஆம்' என்றால் மறுநாளே மண்டபம் பேசுகிறார்கள். 'இல்லை' என்றால் ஒரு குற்றமும் அறியாத பெண்ணை நிறத்திலோ உயரத்திலோ குறை கண்டு தள்ளிவிட்டான் என்று ஊர் பேசுகிறது. உண்மையைச் சொல்லவோ அந்தச் சபையில் சொல்லே கிடையாது.

உள்ளே போன பெண்ணிடம் எவரேனும் கேட்டார்களா என்பது வேறு கதை. வேட்கையற்றவளாக அவளே இருந்துவிட்டால், பொய் சொல்லித் தப்பும் வாய்ப்புக்கூட அவளுக்கு இல்லை.

இலக்கியத்திலாவது இடமுண்டா என்று தேடினோம். தொல்காப்பியர் அகத்தை ஏழு திணையாக்கினார். ஒருதலையாகப் பொங்கும் ஆசைக்குக் கைக்கிளை வைத்தார். பொருந்தாத காமத்துக்குப் பெருந்திணை வைத்தார். நடுவே அன்பின் ஐந்திணை. அளவு மீறியவனுக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டு. ஆசையே எழாதவனுக்கு? எட்டாம் திணை இல்லை. புலவர் மேல் குறை சொல்லவில்லை. அகத்தின் எல்லையை அவர் அங்கே வகுத்துக்கொண்டார், அவ்வளவே.

கதைகளிலோ கதவு ஒன்றே ஒன்றுதான், அது கோயிற் கதவு. மணம் வேண்டாத ஔவை பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே கிழவியானாள் என்று கதை கட்டினார்கள். கணவன் விலகிய பின் காரைக்காலம்மையார் தசையை உதறிப் பேயுருப் பெற்றதாகச் சேக்கிழார் பாடினார். மணிமேகலையைச் சிலர் நினைவூட்டக்கூடும். அவள் இந்த வழக்குக்குச் சாட்சியாகமாட்டாள், உதயகுமரன்பால் தன் நெஞ்சு சென்றதை அவளே சொல்லுகிறாளே! ஆக, கிழவியாகு, பேயாகு, துறவியாகு. நரை இல்லாமல், திருநீறு இல்லாமல், நல்ல உடம்போடும் நல்ல அறிவோடும் நின்று "எனக்கு அந்த ஆசை இல்லை" என்று சொல்லும் உரிமை மட்டும் மனிதப் பிறவிக்குக் கிடையாது!

இங்கே நம் கூட்டத்திலிருந்தே ஒரு கேள்வி எழும். "இது பழைய பிரம்மச்சரியம் அல்லவா? இயற்கைக்கு விரோதம் என்று நாம் நகையாடிய சரக்கை நீங்களே விற்கிறீர்களே?" இல்லை. பிரம்மச்சாரி, இருக்கும் ஆசையைப் பூட்டி வைத்துக்கொண்டு, பூட்டுக்குக் கூலியாகப் புண்ணியம் கேட்பவர். நம் தோழரிடம் பூட்டும் இல்லை, பூட்டப்பட்ட பொருளும் இல்லை, கூலியும் கேட்கவில்லை. மற்றவர் ஆசையை இழிவென்றும் அவர் எண்ணுவதில்லை. நண்பர்களின் காதல் மணங்களுக்கு முதல் ஆளாக நின்று மாலை எடுத்துக் கொடுத்தவர் அவர். இயற்கைக்கு விரோதம் என்பதோ, இயற்கையைக் கேட்காமலே இயற்கையின் பெயரால் பேசுவது. வைதிகர் கடவுளின் பெயரால் பேசுவதைப் போன்றது அது.

ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள்? அமெரிக்காவில் ஆல்பிரட் கின்சி 1948-ல் ஆண்களைப் பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டபோது, ஈர்ப்பின் திசையைப் பூச்சியம் முதல் ஆறு வரை ஓர் அளவுகோலில் வரிசைப்படுத்தினார். எந்தப் படியிலும் நிற்காதவர்கள் சிலர் வந்தார்கள். அவர்களை நோயாளி என்று தள்ளாமல், எக்ஸ் என்ற எழுத்தைத் தனியே இட்டு வைத்தார். 2004-ல் கனடா உளவியலறிஞர் ஆண்டனி போகார்ட், பிரிட்டனில் 18,000-க்கும் மேற்பட்டோரிடம் முன்பே எடுக்கப்பட்டிருந்த கணக்கைப் புரட்டினார். ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர், தமக்கு எவர்மீதும் பாலீர்ப்பு எழுந்ததே இல்லை என்று சொல்லியிருந்தனர். 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலைத் திருத்தியபோது, தம்மைப் பாலீர்ப்பு இல்லாதவர் என்று உணர்ந்து சொல்லுவோர்க்கு ஆசைக் குறைவு நோய் என்ற பெயரைச் சூட்டலாகாது என்று எழுதிவைத்தது. எல்லோரும் ஒரே வார்ப்பும் அல்லர்: சிலர் துணை வேண்டுவர், சிலர் குழந்தை வேண்டுவர், சிலர் தனிமையில் நிறைவு காண்பர்.

நோய் என்றதும் திருமுக்கூடல் மறுபடி நினைவுக்கு வருகிறது. அங்கே பெருமாள் கோயிற் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஆற்றங்கரையில் 950 ஆண்டுகளுக்கு முன் நடந்த மருத்துவசாலையை அது விவரிக்கிறது: 15 படுக்கை, மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து காய்ச்சும் பெண்டிர், ஓராண்டுக்குச் சேமிக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள். வேதம் ஓதுவோர்க்குச் சோறும் எண்ணெயும் அளந்ததும் அதே கல்லில்தான் இருக்கிறது. அதை இன்னொரு நாள் பேசுவோம். அந்த ஊருக்கு வெகு தொலைவில் இல்லாத ஒரு நகரத்து வைத்தியரிடம்தான் நம் தோழரை வீட்டார் அழைத்துப் போனார்கள். நாடி பார்த்தார், லேகியம் கொடுத்தார், காசு வாங்கினார். நோவு இல்லை, காய்ச்சல் இல்லை, தறியில் நாள் முழுதும் உழைக்கும் உடம்பு. லேகியம் எதைக் குணப்படுத்தும்? பாலீர்ப்பில் மாறுபட்டவர்களை மருத்துவத்தால் 'மாற்றும்' முயற்சி கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் ஆணையிட்டது. அதற்குள் இவர் மூன்று ஜாடி தின்று முடித்திருந்தார்.

வைத்தியரை மட்டும் சாடிவிட்டு நாம் நழுவிவிட முடியாது. சாதியை உடைக்கக் காதலை ஆயுதமாக ஏந்தியவர்கள் நாம். ஏந்தியது சரி. ஏந்திய வேகத்தில், காதலிக்காதவன் மரக்கட்டை, காதலை அறியாதவள் கற்சிலை என்று மேடையிலும் ஏட்டிலும் அள்ளி வீசினோமே, அது சரியா? கைதட்டலுக்கிடையே கடைசி வரிசையில் ஒருவர் தலைகுனிந்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்குமா? 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, துணையைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் பொருந்தாத மணத்தை முறிக்கும் உரிமையும் பெண்ணுக்கு உண்டென்று தீர்மானித்தது. பாலாற்றங்கரை மாவட்டத்தில்தான் அது நடந்தது. தேர்ந்துகொள்ளும் உரிமை என்று எழுதினால், எவரையும் தேராதிருக்கும் உரிமையும் அந்த வரியிலேயே அடங்கவில்லையா? அடங்கவில்லையென்றால், கட்டாய மணத்தில் மாப்பிள்ளையை மாற்றிக்கொள்ளும் சலுகையைத்தான் நாம் வாங்கிக் கொடுத்தோம் என்றாகிவிடும்.

சென்ற ஆண்டு தரகர் மறுபடி ஒரு படம் கொண்டுவந்தார். தாயார் அதை மகன் கையில் கொடுத்து, வழக்கம்போல, "பிடித்திருக்கிறதா?" என்றார். நம் தோழர் நன்றாகப் பார்த்தார். "முகம் அழகாக இருக்கிறது, அம்மா. எனக்குக் கலியாணம் வேண்டாம். இந்தப் பெண்ணிடம் குறையில்லை, எனக்கு யாரிடமும் அந்த ஆசை வருவதில்லை" என்றார். இருபது ஆண்டாகச் சொல்லாதது. தாயார் படத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "எனக்கு முதலில் யாராவது கேட்டிருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல், அடுப்பில் பால் பொங்குகிறதென்று எழுந்து போனாராம்.

படம் தரகரிடம் திரும்பிவிட்டது. அடுத்த படம் இன்னும் வரவில்லை.