நாவுள்ள காலத்தே சொல்லிவைத்தல்

இறக்கக்கண்டியிலிருந்து நோயுற்ற முதியோரை நிலாவெளி வழியாகத் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வோர் மாற்றுடையும் பணமும் மறவாது எடுப்பர். செயற்கைச் சுவாசம் வேண்டுமோ, குழாய்வழி உணவு வேண்டுமோ என வைத்தியர் வினவும்போதோ, நினைவிழந்த தந்தையை நடுவே கிடத்தி மக்கள் தம்முட் பிணங்குவர்.

மருணீக்கியார் சரித்திரத்தை நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். சூலைநோய் வருத்தியபோது அவர் அடுவான் ஒருவன் வாயிலாகத் தமக்கையார் திலகவதியார்க்குத் தம் நிலையை அறிவித்தாரெனப் பெரியபுராணம் கூறும். அவர்க்கு அப்போது சொல்ல நாவிருந்தது. யாரிடஞ் சொல்வதென்பதுந் தெரிந்திருந்தது. இதனை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். பக்கவாதத்தால் நாவடங்கினார் என் செய்வர்?

மீளா நோயுற்றபோது எவ்வகைச் சிகிச்சை வேண்டாமென முன்னரே எழுதிவைக்கும் உரிமையைப் பாரத தேசத்து உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சு 9-இல் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கிற்று. அத்தீர்ப்பு இலங்கையை ஆளாது. ஆயினும் எழுத்திருப்பின், தந்தையார் விருப்பம் யாதென்னும் பிணக்கேனும் ஒழியுமன்றோ? இயன்ற சிகிச்சையெல்லாம் வேண்டுவோரும் அவ்வாறே எழுதலாம்.

இஃது அமங்கலமென்பாருமுளர். காணிக்கு உறுதி எழுதும்போது அவர்க்கு அவ்வச்சந் தோன்றுவதில்லை!

ஊரார்க்கு உரைக்குமுன் நாமே எழுதுவோம். நமக்காகப் பேசவேண்டியவர் யார், எதனை வேண்டுவோம், எதனை வேண்டோம், இறுதிநாளை வீட்டிற் கழிக்க விரும்புகின்றோமா என்பவற்றை ஒரு தாளிற் குறித்து, அவரிடம் வாசித்துக் காட்டி, ஒரு படியை அவர் கையிற் கொடுப்போம். மனம் மாறின் கிழித்து வேறெழுதலாம்.