இரண்டாம் இராக்காவல்



கோடை விடுமுறை வந்துவிட்டது. பள்ளிக்கூடம் மூடியிருக்கிறது. தகப்பனுக்கு இரவு ஷிப்டு, தாய்க்குப் பகல் ஷிப்டு. பிள்ளையோ வீட்டுக்குள் கைப்பேசியும் கையுமாக. நம் வல்லம் வடகாலில் நான் சந்திக்கப் போகும் வீடுகள் பலவற்றில் இதுவே காட்சி. இதைக் காணும்போதெல்லாம் என் சிறு வயதுக் கோடைகளை இனிமையாக்கிய சாரணர் பாசறை ஞாபகத்துக்கு வருகிறது.

1993-ஆம் ஆண்டு மே மாதம். எனக்குப் பதின்மூன்று வயது. ஏற்காட்டு மலையில் ஏழு நாள் பாசறை. சில்வர் ஓக் மரங்களின் கீழே கூடாரம் அடித்து, விறகு பொறுக்கி, நாங்களே சோறு வடித்தோம். குழைந்தாலும் தீய்ந்தாலும் அதுதான் சாப்பாடு. ஆனாலும் அந்த ருசியைப் பிறகு வேறெங்கும் நான் கண்டதில்லை. இரவில் தீ மூட்டிச் சுற்றி உட்கார்ந்து பாடுவோம். முகம் அனலில் காயும். முதுகு குளிரில் நடுங்கும். அப்படி ஒரு சந்தோஷம்!

இராக்காவலுக்கு அங்கே ஒரு விதி உண்டு. கூடாரத்தை இழுத்துக் கட்டியிருக்கும் நூல் கயிறு நனைந்தால் சுருங்கும்; சுருங்கினால் முளையைப் பிடுங்கிவிடும், இல்லையேல் துணியைக் கிழித்துவிடும். ஆகையால் மழை தொடங்கியதும் காவல் இருப்பவன் ஒவ்வொரு கயிற்றையும் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். மூன்றாம் நாள் இரவு காவல் என்னுடையது. நானோ தூங்கிப் போனேன். கோடை மழை கொட்டிற்று. சாமான் கூடாரம் சரிந்து, அரிசி மூட்டை முழுவதும் நனைந்து போயிற்று.

விடிந்ததும் சாரண ஆசிரியர் எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். நான் வாய் திறக்குமுன் எங்கள் அணித் தலைவன், என்னைவிட ஒரே வயது மூத்தவன், ஓரடி முன்னே வந்து, "என் அணியின் காவல் சார். பொறுப்பு என்னுடையது" என்றான். அதைக் கேட்டபின் நான் மறைந்து நிற்பது எப்படி? "நான்தான் தூங்கிவிட்டேன் சார்" என்று அழுதேன். ஆசிரியர் அடிக்கவில்லை. அரிசியைப் பாறையின்மேல் பரப்பிக் காயவைக்கச் சொன்னார். அன்று முழுவதும் அனைவருக்கும் கஞ்சிதான். அதை ஒவ்வொருவன் தட்டிலும் ஊற்றியவன் நான். அதுவே எனக்குப் போதுமான தண்டனை.

அன்று மாலை இராக்காவல் பட்டியலை வாசித்தார். முதல் பெயர் என் பெயர்! டார்ச் விளக்கையும் விசிலையும் என் கையில் கொடுத்து, "மழை வரும் போலிருக்கிறது, பார்த்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். பிரியமானவர்களே, அன்றிரவு நான் கண்ணிமைக்கவில்லை.

சிறுவரை நம்புவதே சாரணர் இயக்கத்தின் அஸ்திவாரம். தென்னாப்பிரிக்காவில் 1899–1900-ல் மாஃபெகிங் நகரம் முற்றுகையிடப்பட்டபோது, அங்கே சிறுவர் படை செய்தி கொண்டுபோகும் வேலையைத் திறமையாகச் செய்ததைப் பேடன் பவல் கண்டார். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் அவர் நடத்திய முதல் பாசறையில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாகச் சேர்த்து, நான்கு அணிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுவனையே தலைவனாக வைத்தார். நம் சென்னையில் 1916-ல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கென்று சாரணர் சங்கம் தொடங்கினார். பிரான்சில் 1920-ல் கத்தோலிக்கச் சாரணர் இயக்கம் தோன்ற முன்னின்றவர் சேசு சபைக் குருவான ழாக் செவேன். அவரைத் திருச்சபை 2012-ல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. 2025 சனவரி கடைசியில் பாரத சாரணர் வைரவிழாப் பெரும் பாசறை மணப்பாறையில் நடந்ததே, அந்த இடமும் நம் ஊரைப் போல ஒரு சிப்காட் வளாகந்தான்.

என் ஆசிரியர் செய்ததை அவருக்கு முன்னே செய்தவர் ஒருவர் உண்டு. பூங்காவனத்தில் விழித்திருக்கச் சொன்னபோது இராயப்பர் தூங்கினார். சேவல் கூவுமுன் மும்முறை மறுதலித்தார். அவரிடமிருந்து காவலைப் பறித்துவிடுவதே மனித நியாயம். ஆனால் உயிர்த்தெழுந்த நம் ஆண்டவர் கடற்கரையில் அவரைத் திட்டவில்லை. தம்மை நேசிக்கிறாயா என்று மும்முறை கேட்டு, தம் ஆடுகளையே அவர் கையில் ஒப்புவித்தார். இராயப்பருக்கு அது இரண்டாம் இராக்காவல்.

சென்ற மாதம் ஒரு தாயார் என்னிடம் சொன்னார்: "சாமி, கடைக்கு அனுப்பினேன், ஐந்நூறு ரூபாய் நோட்டைத் தொலைத்துவிட்டான். அன்றிலிருந்து அவன் கையில் காசே கொடுப்பதில்லை. இப்போது எந்த வேலை சொன்னாலும் அசையமாட்டேன் என்கிறான்." ஷிப்டு வேலை செய்யும் வீட்டில் ஐந்நூறு ரூபாயின் அருமையை நான் அறிவேன். ஆனால் தொலைந்தது பணம் மட்டுமா? "இனி உன்னை நம்பமாட்டோம்" என்ற தீர்ப்பும் அல்லவா பிள்ளையின் தலையில் விழுந்தது? நான் அந்தத் தாயாருக்குச் சொன்னது இதுதான்: "நாளைக்கே அவனைக் கடைக்கு அனுப்பும்மா."

பயம் என்னும் மழை பெய்யும்போது பெற்றோர் மனம் தானாகவே இறுகும். அப்போதுதான் சற்றுத் தளர்த்த வேண்டும், அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. 2024 ஆகஸ்டில் நம் ஊரில் 18,720 பெண் தொழிலாளருக்கென்று குடியிருப்பு திறக்கப்பட்டது. அங்கே தங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் பின்னால், எங்கோ ஒரு கிராமத்தில், கயிற்றைத் தளர்த்திவிட்டு ஜெபமாலையோ விளக்கோ கையில் பிடித்திருக்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

ஆகையால் இந்தக் கோடையில் பாசறைக்குப் போகப் பிள்ளை கேட்டால், வெயில் என்றும் டியூஷன் என்றும் உடனே தடுக்காதீர்கள். போக வழியில்லையா, வீட்டிலேயே ஒரு பொறுப்பைக் கொடுங்கள். தண்ணீர் பிடிப்பதோ, தங்கையைப் பார்த்துக்கொள்வதோ, எதுவாயினும் சரி. தவறுவான். தவறட்டும். தவறியதை அவனே சரிசெய்யட்டும். மறுநாள் அதே வேலையை அவனிடமே கொடுங்கள்.

நாம் தவறும் ஒவ்வொரு முறையும் பாவசங்கீர்த்தனத்தில் சர்வேசுரன் நமக்குச் செய்வதும் இதுவேயன்றோ?

உங்கள் பிள்ளைகளின் காவலான சம்மனசுகள் அவர்களைக் காப்பார்களாக. ஆமென்.

உங்கள் பங்குக் குரு