டாக்டர் முன்னால் ஏன் ஊமையாகிறாய்?

கூலியில் நூறு ரூபாய் குறைந்தால் முதலாளி வீட்டு வாசலிலேயே நின்று கேட்டுவிடுகிறாய். பாவில் ஓர் இழை அறுந்தால் அடுத்த நாடா ஓடுவதற்குள் உன் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே நீ, முசரவாக்கத்தில் பஸ் ஏறி, காஞ்சிபுரத்தில் டோக்கன் வாங்கி, இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்து உள்ளே போனதும் என்ன செய்கிறாய்? "சரிங்க டாக்டர்." அவ்வளவுதான்! வெளியே வந்து மருந்துக்கடைப் பையனிடம் கேட்கிறாய்: "தம்பி, இது எதுக்குப்பா?"

மரியாதை என்று சொல்லாதே. அது பயம். பயத்துக்குப் பட்டுத்துண்டு போர்த்தி வைத்திருக்கிறாய்.

கோர்வைச் சேலை நெய்தவனுக்கு நான் சொல்ல வேண்டுமா? உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். மூன்று நாடா, இரண்டு ஆள். கரை நாடா தள்ளுகிறவன் தூங்கினால் சேலை என்ன ஆகும்? வைத்தியத்தில் அந்தக் கரை நாடா உன் கையில் இருக்கிறது. முழங்கால் எப்போதிலிருந்து வலிக்கிறது, குழித்தறியில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருகிறாய், சர்க்கரை மாத்திரையை எத்தனை நாள் விட்டாய், எந்த ஸ்கேனும் இதைச் சொல்லாது. (விட்டதை மறைக்காதே. மருந்து போதவில்லை என்று நினைத்து அவர் அளவைக் கூட்டிவிடுவார்!)

அவருக்கு நேரமில்லையா? உண்மைதான். 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். நோயாளி பேசத் தொடங்கி, சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கிட்டுவிட்டார். அங்கேயே அந்தக் கதி! ஆகவே முக்கியமானதை முதலில் சொல். பஸ்ஸிலேயே காலண்டர் தாளின் பின்பக்கம் மூன்று கேள்வி எழுதிக்கொள். பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரே மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுபோ. ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் உன் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கலாம். எழுந்து வருமுன், "காலையில ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டப்புறம் ஒண்ணு, சரிதானே டாக்டர்?" என்று திருப்பிச் சொல். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாயானால் சிகிச்சை விவரங்களைக் கேட்டு வாங்கு. கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி.

பேசுவது உன் ஊருக்குப் புதிதா? மேடைப் பேச்சால் ஊர் ஊராகக் கட்டிப்போட்டு, 1967-ல் ஆட்சியைப் பிடித்த அண்ணா உன் காஞ்சிபுரத்துக்காரர். நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1969-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அவர் பெயரிலேயே காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. மார்பில் கட்டி என்று சொல்ல வெட்கப்படும் அக்கா உன் வீட்டில் இருக்கிறாளா? ஆறாத வாய்ப்புண்ணை வெற்றிலையால் மறைக்கும் தாத்தா இருக்கிறாரா? நாளைக் காலை தறியை நிறுத்திவிட்டு அவர்களைக் கூட்டிப்போ. உள்ளே போனதும் நீ முதலில் பேசு.