காணாத இயந்திரமும் காணாத கடவுளும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையில் குருமன்வெளி, மேற்குக் கரையில் மண்டூர். துறையில் பாதை எனப்படும் மிதவையில் ஏறினால் எழுவான்கரை பின்னால் நகர்ந்து படுவான்கரை வந்து சேரும். மண்டூர்க் கந்தசுவாமி கோயிலை அந்தப் பகுதியார் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பெரிய கதிர்காமத்தைப் போலவே இங்கும் மூலஸ்தானத்தை மறைத்துத் திரைச்சீலை தொங்குகிறது. பூசை செய்யும் கப்புகனார் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் போகிறார். மந்திர ஒலி எதுவும் வெளியே வருவதில்லை. மணி கேட்டதும் கைகள் தலைக்கு மேல் குவிகின்றன, அரோகரா எழுகிறது. உள்ளே இருப்பதை நின்றவர்கள் காண்பதில்லை. உள்ளே ஒன்றும் இல்லை என்று எண்ணி வீடு திரும்புகிறவரும் இல்லை.

காணாத ஒன்றை அறிந்ததாகச் சொல்ல மனிதனுக்கு உரிமை உண்டா? அந்த அறிவை நம்பி ஒரு காரியத்தைச் செய்தால் அதன் பொறுப்பு யாருடையது? சைவ சித்தாந்தம் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டுவரும் கேள்விகள் இவை. இந்தக் காலத்தில் இவற்றை நாள்தோறும் நேருக்கு நேர் சந்திக்கிறவர்களில் மெயின்பிரேம் கணினிகளை இயக்கும் ஆப்பரேட்டர்களும் உண்டு.

மெயின்பிரேம் என்பது பெரிய வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் விமான சேவைகளும் தங்கள் கணக்கு முழுவதையும் ஒப்படைத்திருக்கும் பெருங்கணினி. ஐபிஎம் நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 இதன் மூதாதை. சென்னை ஐஐடிக்கு 1973இல் அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறையான 370/155 வந்தது. அந்தக் காலத்தில் ஆப்பரேட்டரும் இயந்திரமும் ஒரே அறையில் இருந்தார்கள். சிஸ்டம்/360இன் முகப்பில் சிஸ்டம், மனுவல், வெயிட், டெஸ்ட், லோட் என்று விளக்குகள் இருந்தன. எந்த விளக்கு எரிகிறது என்று பார்த்து, அட்டை வாசிப்பான் ஓடும் சத்தத்தைக் கேட்டு, நாடா சுழல்கிறதா என்று திரும்பிப் பார்த்து வேலை நடந்தது.

இன்று அந்த நெருக்கம் இல்லை. இயந்திரம் ஒரு நகரத்தில் குளிரூட்டிய மண்டபத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கிறது. ஆப்பரேட்டர் வேறொரு நாட்டில், பல வேளைகளில் சென்னையிலோ பெங்களூரிலோ இரவுப் பணியில், ஹார்ட்வேர் மேனேஜ்மென்ட் கன்சோல் எனப்படும் திரைக்கு முன் இருக்கிறார். பல ஆண்டுகள் இதே வேலை செய்தும் தான் இயக்கும் இயந்திரத்தைக் கண்ணால் காணாமலே ஓய்வுபெறுவது இந்தத் தொழிலில் வியப்பான செய்தி அல்ல.

கன்சோல் நேரடியாகச் செயலிகளோடு பேசுவதில்லை. மெயின்பிரேமின் சட்டகத்துக்குள்ளேயே சப்போர்ட் எலிமென்ட் என்ற இரண்டு சிறு கணினிகள் இருக்கின்றன. ஒன்று பணியில் இருக்கும், மற்றது அதன் பிரதியாகக் காத்திருக்கும். பெரிய இயந்திரத்தின் நிலையைப் பார்த்துச் சொல்வதும், கன்சோலில் கொடுத்த கட்டளையை உள்ளே கொண்டுசேர்ப்பதும் இவற்றின் வேலை. வங்கிக் கணக்கு எதையும் இவை போடுவதில்லை. பெரிய இயந்திரம் முழுவதும் நின்றுபோனாலும் இவை விழித்திருக்கும். நின்றுவிட்டது என்ற செய்தியை அனுப்புவதும் இவைதாம்.

ஒரு கட்டளையை அருகில் வைத்துப் பார்க்கலாம். ஒரே இயந்திரம் உள்ளுக்குள் பல தனிக் கணினிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்; ஒவ்வொன்றையும் எல்பார் என்பார்கள். ஓர் எல்பாரில் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்ற வேண்டுமானால் அதன் பெயரைத் தெரிவுசெய்து லோட் என்ற பணியைத் திறக்க வேண்டும். எந்த வட்டிலிருந்து ஏற்றுவது என்ற முகவரியும், எட்டு எழுத்துக்குள் அடங்கும் ஓர் அளவுருவும் கேட்கப்படும். நார்மல், கிளியர் என்ற தெரிவுகளும் இருக்கும். கிளியர் என்றால் நினைவகம் முழுவதும் துடைக்கப்பட்ட பின்னரே ஏற்றம் தொடங்கும். சரி என்று அழுத்தியதும் இன்னொரு சாளரம் வரும். இது இயங்கிக்கொண்டிருப்பதைக் குலைக்கும் பணி, பாதிக்கப்படப்போவது இன்ன எல்பார் என்று பெயர் சொல்லி எச்சரிக்கும். பல நிலையங்களில் அந்த இடத்தில் கடவுச்சொல்லை மறுபடியும் தட்டச்சு செய்ய வேண்டும். அதற்குப் பிறகு தடுக்க எவரும் இல்லை.

எதை வைத்து அந்தப் பொத்தானை அழுத்துகிறார் ஆப்பரேட்டர்?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் தம் கொள்கையை நிறுவும் பகுதியைக் கடவுளிலிருந்து தொடங்கவில்லை, அளவையிலிருந்து தொடங்கினார். எதை அறிந்தோம் என்று பேசுமுன் எப்படி அறிந்தோம் என்று சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஒழுங்கு. பிறர் சொல்லும் பல அளவைகளையும் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கினார். ஐயமும் திரிபும் நீங்கியதே காட்சி. கருதலுக்கு ஏது வேண்டும். ஒன்றின் இயல்பிலிருந்து அறிதல், காரியத்திலிருந்து காரணத்தை அறிதல், இல்லாமையிலிருந்து இல்லாமையை அறிதல் என்று அந்த ஏதுவும் மூன்று.

இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கன்சோலின் முன் நின்றால் பல விடயங்கள் துலங்கும். ஆப்பரேட்டருக்குக் காட்சியாவது திரை மட்டுமே. அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் கருதல். பச்சை நிறம் காரியம், இயந்திரத்தின் நலம் காரணம். கையேடும் மூத்தவர் சொல்லிவைத்ததும் உரை. மிகவும் வழுக்கும் இடம் மூன்றாவது ஏது. ஓர் எல்பாரிலிருந்து அரைமணி நேரமாகச் செய்தியே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிழை இல்லாததால் செய்தி இல்லையா, செய்தி சொல்லும் நிலையில் அது இல்லையா? எடுத்துக்காட்டாக, குளிர் இருந்தால் பனி இருந்தே தீரும் என்று உறுதியான பிறகுதான் பனி இல்லாததைக் கொண்டு குளிர் இல்லை என்று சொல்லலாம். அந்த உறுதி இல்லாமல் அமைதியை நலம் என்று எடுத்துக்கொள்வது திரிபு.

மெயின்பிரேமில் வெயிட் என்ற நிலைக்கே இரண்டு பொருள் உண்டு. வேலை இல்லாமல் செயலி ஓய்ந்திருக்கும், குறுக்கீடு ஒன்று வந்தால் உடனே எழும். அது உறக்கம். இன்னொன்று எந்தக் குறுக்கீட்டையும் ஏற்காமல் உறைந்துபோகும் டிசேபிள்ட் வெயிட். அதிலிருந்து தானாக எழுச்சி இல்லை. இரண்டிலும் செயலி கட்டளை எதையும் நிறைவேற்றுவதில்லை. வேறுபாட்டை அதன் நிலைச்சொல்லில் உள்ள சில பிட்டுகள் சொல்லும். அனுபவம் உள்ளவர் நிலைச்சொல்லைக் குறித்துக்கொள்வார், அதில் உள்ள குறியீட்டைக் கையேட்டோடு ஒப்பிடுவார், நினைவகத்தைத் தனியே ஒரு வட்டில் பிரதி எடுப்பார், அதற்குப் பிறகே லோட் செய்வார். பதறுகிறவர் நேரே கிளியர் அழுத்துவார். இயங்குதளம் எழுந்துவிடும். ஏன் விழுந்தது என்பதற்கான சான்று துடைபட்டிருக்கும்.

காணாததைக் கருதி அறியும் இந்த ஒழுங்கு வாவிக் கரைக்குப் புதியதல்ல. 1848 செப்டெம்பரில் மட்டக்களப்புக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், வாவியின் அடியிலிருந்து எழும் இசையைக் கேட்க இரவில் படகில் போனார். படகின் பலகையில் காதை வைத்தபோது ஒலி பெரிதாகக் கேட்டது. படகு நகர்ந்தபோது மங்கி மறைந்தது. பழைய இடத்துக்குத் திரும்பியதும் மறுபடியும் கேட்டது. ஒலியின் மூலம் எதுவானாலும் அது பல இடங்களில் அசையாமல் இருக்கிறது என்று அவர் கருதினார். ஊரி எனப்படும் நத்தைதான் பாடுகிறது என்று மீனவர்கள் சொன்னதையும் எழுதிவைத்தார். பாடும் மீன் என்று ஊர் சொல்லும் அந்த ஒலியில், காது கேட்டது எது, கருதியது எது, பிறர் சொன்னது எது என்று அவருடைய குறிப்பில் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியும்.

இதைவிடப் பெரிய சான்று காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியராக இருந்து இராமகிருஷ்ண மடத்துத் துறவியானவர். பழந்தமிழரின் யாழை அவர் கண்டதில்லை. அவர் காலத்தில் உயிரோடிருந்த எவருமே கண்டதில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையும் அதன் உரைகளும் இருந்தன, நரம்பின் நீளத்துக்கும் சுருதிக்கும் உள்ள கணக்கு இருந்தது. உரையைக் கணக்கால் சோதித்து, கணக்கை உரையால் திருத்தி, பல ஆண்டு உழைப்பில் யாழ் நூலை எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியபோது அவர் கணக்கின்படி செய்த யாழ்கள் மீட்டப்பட்டன. கருதி அறிந்ததைக் கேட்போரின் செவிக்கு முன் வைத்து, பிழையானால் பிழை என்று சொல்ல அவையோருக்கு இடம் கொடுத்தார். அடுத்த மாதம் மறைந்தார். அவருடைய சமாதி கல்லடி உப்போடையில், வாவிக்கு அருகில்தான் இருக்கிறது.

அருணந்தியின் குருவான மெய்கண்டாரின் சிவஞான போதம் இதற்கும் ஒருபடி உள்ளே போகிறது. அதன் மூன்றாம் சூத்திரம் உயிர் உண்டு என்பதற்கு ஏதுக்களை அடுக்குகிறது. அவற்றில் ஒன்று, புலன்கள் ஒடுங்கியதை அறிகிற ஒன்று இருக்கிறது என்பது. ஒடுங்கியதே ஒடுக்கத்தை அறிய முடியாது. பெரிய இயந்திரம் நின்றதைச் சொல்ல நிற்காத சப்போர்ட் எலிமென்ட் வேண்டியிருப்பதைக் கண்ட பொறியியலாளருக்கு இந்த வாதம் உடனே பிடிபடும். ஆனால் சித்தாந்தி அங்கேயே நின்றுவிட மாட்டார். சப்போர்ட் எலிமென்டும் சடம்தான், நின்றது என்று அது அறிவதில்லை, காட்டுகிறது. அறிகிறவர் திரைக்கு முன் இருப்பவர். அவரும் காட்டினால்தான் காண்பார். உணர்த்த உணர்வதே உயிரின் இயல்பு என்பது அதே சூத்திரத்தின் இன்னொரு ஏது. அறிவுடையவராகவும் துணையில்லாமல் அறிய இயலாதவராகவும் மனிதர் இருக்கும் இந்த இரட்டை நிலையைக் கன்சோல் அறையைப் போல வெளிப்படையாகக் காட்டும் இடம் அரிது.

இதை வைத்துக்கொண்டு, மண்டூர்த் திரைக்குப் பின்னால் இருப்பவனும் கன்சோல் திரைக்குப் பின்னால் இருப்பதும் ஒரே வகை மறைவு என்று முடிவுகட்டினால் பெரும் பிழை. மெயின்பிரேமை மறைப்பது தூரமும் பூட்டும். சாவி இருந்தால் கதவைத் திறந்து கண்ணால் காணலாம், மூடியைக் கழற்றலாம். கடவுளைப் பற்றி ஆறாம் சூத்திரம் சொல்வது வேறு. சுட்டி அறியப்படும் பொருள் என்றால் அது மற்றப் பொருள்களைப் போல அழிந்துபடும் அசத்து ஆகிவிடும். எவ்வகையிலும் அறியப்படாது என்றால் சூனியம். இரண்டுக்கும் அப்பால் நிற்பதே சிவசத்து. மண்டூரில் சீலையை விலக்கிப் பார்க்கிறவருக்கு ஒரு பொருள் தெரியும், அந்தப் பொருளோடு கேள்வி முடிந்துவிடாது. இயந்திரத்தின் உவமை உயிரின் நிலையை விளக்கும் வரையில் உண்மை. இறைவனை விளக்க அதை இழுத்தால் அறுந்துவிடும்.

பொறுப்பு என்ற கேள்விக்கு வந்தால் கோயிலும் கன்சோலும் மறுபடியும் அருகே வருகின்றன. கப்புகனாரின் வாய்க்கட்டு ஒரு கட்டுப்பாடு. காணாத ஒன்றின் முன் காரியம் செய்கிறவர் தன்னைத்தான் முதலில் அடக்கிக்கொள்கிறார். கன்சோலிலும் ஓர் எல்பாரின் மேல் குலைக்கும் பணிகளைப் பூட்டிவைக்க ஒரு வசதி உண்டு. அவசரத்தில் தன் கையே தவறிப்போகலாம் என்று அமைதியான வேளையில் எண்ணிப் போடும் பூட்டு அது. பூட்டைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் இன்னொருமுறை யோசிக்க வேண்டியிருக்கும். திரையில் பச்சையாகவும் சிவப்பாகவும் தெரியும் சதுரத்துக்கு அப்பால் ஒருவரின் சம்பளமும் இன்னொருவரின் மருத்துவச் செலவும் நிற்கின்றன. அவர்களைக் காணவில்லை என்பது வினையைக் குறைக்காது. காணாமல் செய்ததும் செய்ததே.

இந்தக் கவனம் மெயின்பிரேம்காரருக்கு மட்டும் உரியதல்ல. நிவாரணப் பட்டியலில் ஒரு குடும்பத்தின் பெயரை நீக்கும் எழுதுவினைஞரும், கடன் விண்ணப்பத்தைத் திரையில் பார்த்து மறுக்கும் வங்கி அலுவலரும், ஆய்வுகூட அறிக்கையை மட்டும் பார்த்து மருந்து எழுதும் வைத்தியரும் காணாதவர்களின் வாழ்வில்தான் கை வைக்கிறார்கள். நான் கண்டது எது, கருதியது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக்கொள்ளாமல் பொத்தானை அழுத்த ஒருவருக்கும் உரிமை இல்லை.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அதற்கு வெளியே கணினி கற்பிக்கும் நிலையங்கள் பல இருக்கின்றன. அவற்றின் பாடத்திட்டத்தை வகுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கட்டளைகளைக் கற்பிக்கும் முதலாண்டிலேயே சித்தியாரின் அளவைப் பகுதியையும் சில வாரங்கள் பாடமாக வையுங்கள். சமயப் பாடமாக வேண்டாம், அறிதலின் ஒழுங்கைச் சொல்லும் பாடமாகவே வையுங்கள். அதைக் கற்பிக்க வல்லவர்கள் இந்த மண்ணில் இன்னும் இருக்கிறார்கள்.