நாளையைப் பேசும் நூல்கள்

நாளை நடக்கவிருப்பதை முற்றும் அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே என்பது நம் ஈமானின் அடிப்படை. அங்ஙனமாயின், வருங்காலத்தைப் பற்றி மனிதர் எழுதிய நூல்களை நாம் ஏன் படிக்க வேண்டும்? கணினியும் செயற்கை நுண்ணறிவும் நம் பிள்ளைகளின் உள்ளங்கைக்குள் வந்துவிட்ட இக்காலத்தில் இவ்வினாவைத் தள்ளிவைக்க இயலாது.

நாளையை அறிந்ததாகச் சொல்வது வேறு. நாளைக்குப் பொறுப்பேற்பது வேறு. முன்னது குறி சொல்வோனின் தொழில். பின்னது உழவனின் தொழில். மழை வரும் நாளை அறியாமலேயே உழவன் விதைநெல்லைக் காக்கிறான். நம் திட்டக்குடிப் பகுதியின் வெலிங்டன் ஏரியைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டியோரும், பின்வரும் ஆண்டுகளின் மழையைக் கணக்கிட்டறிந்து கட்டினார்களில்லை. பின்வருவோருக்கு நீர் வேண்டும் என்ற ஒன்றை மட்டும் அறிந்திருந்தார்கள். ஆகவே, வருங்காலம் பேசும் நூலை, ‘சொன்னது பலித்ததா?’ என்று அளப்பது முறையன்று. ‘முடிவு செய்பவர் யார்? சுமப்பவர் யார்? பதில் சொல்பவர் யார்?’ என்னும் மூன்று வினாக்களை நம்முள் எழுப்புகிறதா என்பதே உரைகல்.

இவ்வுரைகல்லில் தேறும் சில நூல்களைக் காண்போம்.

முதலாவது, ‘சுல்தானாவின் கனவு’. வங்கத்து முஸ்லிம் பெண்மணி ரொக்கையா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய இச்சிறுகதை, 1905இல் நம் சென்னையிலிருந்து கமலா சத்தியநாதன் நடத்திய மாதர் இதழில் வெளிவந்தது. அதில் வரும் பெண்கள் நாட்டில் கதிரவனின் வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கிறார்கள்; மேகத்திலிருந்து நீரை இறக்குகிறார்கள்; மின்னாற்றலால் நிலத்தை உழுகிறார்கள்; வானூர்தியில் பயணம் செய்கிறார்கள். ஆண்களோ வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறார்கள்! ரொக்கையா பள்ளி சென்று பயின்றவரல்லர். வீட்டாருக்குத் தெரியாமல் தமையனிடம் ஆங்கிலம் கற்றவர். பின்னாளில் கணவரை இழந்து, அவர் பெயரால் பெண்கள் பள்ளி கண்டவர். சூரிய அடுப்பு வந்துவிட்டதே என்று வியப்பதோடு இந்நூலை மூடிவைத்தால் அதன் கருத்தைத் தவறவிட்டவராவோம். கருவிகளைப் படைக்கும் அறையில் பெண்ணுக்கு இடமுண்டா என்பதே அவர் கேட்ட கேள்வி.

இரண்டாவது, இராமேசுவரம் தந்த அப்துல் கலாம், ஒய்.எஸ். ராஜனுடன் சேர்ந்து 1998இல் வெளியிட்ட ‘இந்தியா 2020’. அந்த ஆண்டு வந்தது. அதனோடு பெருந்தொற்றும் வந்தது. நெடுஞ்சாலைகளில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து சொந்த ஊருக்கு நடந்த தொழிலாளரை அந்நூலின் எந்தப் பக்கமும் முன்னறிந்ததில்லை. ஆயினும் நூல் வீணாகிவிடவில்லை. நம் நாட்டின் வேளாண்மையும் மருத்துவமும் எப்படி இருத்தல் வேண்டும் என்பதை நாமே வகுத்துக்கொள்ளலாம் என்ற துணிவை அது தந்தது. நடந்தது வேறாயினும், நினைத்தது நியாயமான நினைப்பே.

மூன்றாவது, சுஜாதா 1980களில் தொடர்கதையாக எழுதிய ‘என் இனிய இயந்திரா’. நாம் இப்போது வாழும் இந்த இருபதுகளில் நடப்பதாக அமைந்த கதை அது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். மக்களின் பெயர்களும் சுருக்கப்பட்டுவிட்டன. சிந்திக்கும் இயந்திர நாய் ஜீனோவைக் கண்டு பிள்ளைகள் மகிழட்டும். எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஊரில் மனிதனின் விருப்பம் எங்கே போயிற்று என்று பெற்றோர் அவர்களைக் கேட்கட்டும்.

இங்கே ஒருவர் குறுக்கிடலாம்: “கத்தியின் மீது குற்றமில்லை, பிடித்த கையின் மீதே குற்றம், கருவியைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு?” கத்திக்கு இது பொருந்தும். பெருங்கருவிகளுக்குப் பொருந்துவதில்லை, அவற்றைப் பிடித்த கை எது என்பதே புலப்படுவதில்லை. திட்டக்குடியிலிருந்து கிழக்கே விருத்தாசலம் தாண்டினால் நெய்வேலி. 1956இல் நிறுவனம் அமைந்த பின் அங்கே வெட்டிய பழுப்பு நிலக்கரி தென்மாநிலங்களுக்கு விளக்கேற்றியது. அதற்காகவே பல சிற்றூர்கள் இடம்பெயர்ந்தன. சுரங்கம் மூழ்காதிருக்க நிலத்தடி நீர் ஓயாது இறைக்கப்பட்டது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலின் நடுவே கால்வாய் வெட்டியதை நாடே கண்டது. விளக்கின் ஒளியில் அமர்ந்து படித்த நாம் யாரும் அந்த வயலை வெட்டவில்லை. ஆயினும் அந்த ஒளியில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியுமா?

செயற்கை நுண்ணறிவில் இந்த மயக்கம் இன்னும் ஆழமாகிறது. அத்துறையின் பேராசிரியர் ஸ்டூவர்ட் ரஸ்ஸல் 2019இல் எழுதிய ‘ஹியூமன் கம்பாட்டிபிள்’ நாம் பரிந்துரைக்கும் நான்காவது நூல். இயந்திரம் நம்மை வெறுக்கும் என்று அவர் அஞ்சவில்லை. நாம் தவறாகச் சொன்ன குறிக்கோளை அது பிழையின்றி நிறைவேற்றிவிடுமே என்றுதான் அஞ்சுகிறார். மனிதனின் விருப்பத்தை முற்றும் அறிந்ததாக எண்ணாமல், ஐயத்தோடு கேட்டு நடக்கும் இயந்திரமே பாதுகாப்பானது என்பது அவர் வாதம்.

இதைப் படிக்கும் முஸ்லிமுக்கு ஒரு சொல் உடனே நினைவுக்கு வரும்: நிய்யத். செயல்கள் எண்ணத்தைக் கொண்டே மதிப்பிடப்படும் என்று நபிகள் நாயகம் (ஸல்) கற்பித்தார்கள். இயந்திரத்துக்குச் செயல் உண்டு, நிய்யத் இல்லை. ஆகவே அதற்குக் கேள்வி கணக்கும் இல்லை. ஒருவருக்குக் கடன் மறுக்கப்பட்டாலும், வேலை மறுக்கப்பட்டாலும், ‘கணினி அப்படிச் சொல்லிவிட்டது’ என்பது விடையாகாது. ஆக்கியவரும், விற்றவரும், ஆய்ந்து பாராமல் ஏற்றவரும் மஹ்ஷரில் நிற்கும்போது, அருகே அந்தக் கணினி நிற்கப் போவதில்லை.

நம் இல்லங்களில் இந்நூல்கள் இடம்பெறட்டும். அத்தாவும் அம்மாவும் பிள்ளைகளோடு அமர்ந்து, ஆணென்றும் பெண்ணென்றும் வேறுபாடின்றி, அம்மூன்று வினாக்களோடு அவற்றைப் படிக்கட்டும். ஆங்கில நூலை வீட்டில் ஆங்கிலம் அறிந்த பிள்ளை மற்றவர்க்கு எடுத்துச் சொல்லட்டும். நாளை என்பது மறைவானது. அதை அறியும்படி நமக்குக் கட்டளையில்லை. இன்று நம் கையிலிருப்பதோ அமானிதம். அதற்கு நாம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.